வடமதுரையில் ஒரு கடல்

திண்டுக்கல்லில் திருச்சி ரயிலைப் பிடித்து, கையிலுள்ள வேர்க்கடலைப் பொட்டலத்தைத் தின்று முடிப்பதற்குள் வடமதுரை வந்துவிடும். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும், நூற்பாலைகளும், மழையை நம்பிய செம்மண் காடுகளும், அடிவானத்தில் மலையுமாக இருக்கிற ஊர். எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலில் கால் நனைக்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். அப்படிப்பட்ட ஊரில், என் தங்கை வீட்டுக் கூடத்தில், இரண்டரை அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல் இருந்தது. பத்தே நாள் இருந்தது. பதினோராம் நாள் செத்துப்போயிற்று.

அந்தச் சாவில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தங்கை மகன் ஒன்பதாவது படிக்கிறான். சேர்த்து வைத்த காசு, பொங்கல் காசு எல்லாவற்றையும் கூட்டித் தொட்டி வாங்கினான். கோமாளி மீன் வளர்க்க வேண்டும் என்று ஆசை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட, சர்க்கஸிலிருந்து தப்பி வந்தாற்போன்ற அந்த மீனை யாருக்குத்தான் பிடிக்காது? ஒரு கடையில் அவனையும் என்னையும் உட்காரவைத்து, உள்ளதிலேயே விலை உயர்ந்த சுத்திகரிப்பு யந்திரத்தை எடுத்துக் காட்டினார்கள். “இதை மாட்டிவிட்டால் நீங்கள் மறந்தே போகலாம், சார்!” என்றார்கள். நானும் தாய்மாமன் மிடுக்கில் ஒன்பதாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலையே நாலு மீன்களையும் விட்டோம். யந்திரம் சத்தம் போடாமல் ஓடிற்று. ஜலம் ஸ்படிகம் மாதிரி இருந்தது. அந்த ஸ்படிக ஜலத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்து, மூச்சுத் திணறி இறந்தன.

“நான்தான் மாமா ஏதோ தப்புப் பண்ணிட்டேன்” என்று பையன் அழுதான். அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை. ஒரு மாதம் கழித்து, “மாமா, கொறைஞ்ச விலைல நல்ல பில்டர் எது? நீங்கதான் நெறயப் படிப்பீங்களே, பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டான். முதல் தடவை படிக்காமலே பணம் கொடுத்தவன் நான். இந்தத் தடவை படித்தேன். படிக்கப் படிக்க, ஒரு நாவலுக்கு வேண்டிய பாத்திரங்கள் அந்தத் தொட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள்.

முதல் பாத்திரம் ஒரு சீமாட்டி. அன்னா தின் என்று பெயர். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மனைவி. 1846-ல் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் டார்க்கி என்ற ஊருக்குப் போனபோது அங்கே பாறையில் ஒட்டியிருந்த சிறு பவள உயிர்களைப் பார்த்து மயங்கிப்போனாள். அவற்றை ஒரு ஸ்பாஞ்சில் ஊசிநூலால் தைத்து, கண்ணாடிக் குடுவையில் கடல் ஜலம் ஊற்றி லண்டனுக்குக் கொண்டுவந்தாள். கொண்டுவந்த கடல் ஜலம் தீர்ந்துபோன பிறகு என்ன செய்வது? லண்டனும் வடமதுரை மாதிரிதான், கடல் தூரம். இருக்கிற ஜலத்தையே பிழைக்க வைக்க வேண்டும். சீமாட்டிக்கு ஓர் உபாயம் தோன்றிற்று. திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அந்த ஜலத்தை மாற்றி மாற்றி ஊற்ற ஏற்பாடு செய்தாள். ஒரு தடவைக்கு அரைமணி, முக்கால் மணி நேரம். ஊற்றியது பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்.

இதைப் படித்தபோது நான் தனியாகச் சிரித்தேன். நம் வீடுகளில் தினமும் காலையில் நடப்பதல்லவா இது? டம்ளரும் டவராவுமாகக் காப்பியை ஆற்றுகிறோமே, அந்த வேலைதான். காப்பியை ஆற்றினால் சூடு போகும். கடலை ஆற்றினால் காற்று சேரும். அடுத்த வருஷம் சீமாட்டி கடற்பாசிச் செடிகளையும் சேர்த்தாள். ஏறத்தாழ மூன்று வருஷம் அந்தப் பவளங்கள் லண்டன் வீட்டில் உயிரோடு இருந்தன. உலகத்தின் முதல் வீட்டுக் கடல் தொட்டிகளில் ஒன்றை இயக்கிய யந்திரம் ஒரு வேலைக்காரப் பெண்ணின் இரண்டு கைகள். சரித்திரம் சீமாட்டியின் பெயரை வைத்துக்கொண்டு, அந்தக் கைகளின் பெயரை விட்டுவிட்டது. சரித்திரத்தின் வழக்கமே அதுதானே!

இரண்டாவது பாத்திரம் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி. 1850-ல் அவர் லண்டன் ரசாயன சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். ஒரு தொட்டியில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் வைத்தால் ஒன்றின் கழிவை இன்னொன்று எடுத்துக்கொள்ளும், அடிக்கடி ஜலம் மாற்ற வேண்டாம் என்பது சாரம். ஜலத்துக்குள் ஒரு கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு கடல் ஜலத்திலும் அதையே செய்து பார்த்தார்.

மூன்றாமவர் பிலிப் ஹென்றி காஸ். இவர் எழுதிய ‘அக்வேரியம்’ என்ற புத்தகம் 1854-ல் வந்தது. இங்கிலாந்து முழுக்கப் பித்துப் பிடித்தது. கூடத்தில் பியானோ இருக்கிறதோ இல்லையோ, கடல் தொட்டி இருந்தாக வேண்டும் என்றாயிற்று. கடலுக்குத் தூரத்தில் இருப்பவர்களுக்காகக் காஸ் அதே வருஷம் ஒரு செய்முறையும் வெளியிட்டார். சாப்பாட்டு உப்பு, பேதியுப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு இந்த நான்கையும் அளவாகக் கரைத்தால் கடல் ஜலம் தயார். நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருக்கும் பேதியுப்பு ஒரு சமுத்திரத்தில் பாதி வேலை பார்க்கிறது என்பது தெரிந்து என் மருமகனுக்கு ஒரே குதூகலம். அதற்காக அடுக்களை உப்பை மட்டும் கரைத்து மீனை விட்டுவிடக் கூடாது. லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் அளவில் கரைக்கும்படி, கடலிலுள்ள மற்றச் சத்துக்களையும் சேர்த்து, இன்று பொட்டலமாகவே விற்கிறார்கள். அதற்கு வாரிசுரிமை காஸிடமிருந்துதான்.

காஸின் புகழுக்கு ஒரு சோக அத்தியாயமும் உண்டு. அவர் புத்தகத்தைப் படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குழிகளைச் சுரண்டி அள்ளினார்கள். காஸின் மகன் எட்மண்ட், தன் தகப்பனாரைப் பற்றி 1907-ல் எழுதிய நூலில், சிறுவயதில் தான் பார்த்த அழகான பாறைக் குட்டைகள் எல்லாம் பாழாகிவிட்டன என்று வருந்தியிருக்கிறார். தகப்பனார் அன்பினால் எழுதிய புத்தகம் கடற்கரைக்கே யமனாக முடிந்தது. அள்ளிவந்த உயிர்களும் வாழவில்லை. பெரும்பாலான வீட்டுத் தொட்டிகள் சில நாளில் கலங்கி, நாற்றமெடுத்து, சாக்கடைக்குப் போயின. பதினைந்து வருஷத்துக்குள் மோகம் அடங்கிவிட்டது.

தோல்விக்குக் காரணம் என்ன? இந்த இடத்தில்தான் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் வருகிறார். வசதி இல்லாத மனிதர். ஆசையினால் தொட்டி வளர்த்து, பிறகு லண்டனில் அதற்கென்றே கடை வைத்தவர். 1864-ல் ஹாம்பர்க் நகரிலும், 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸிலும் பெரிய கடல் காட்சிசாலைகளை அமைத்தார். கிரிஸ்டல் பாலஸுக்கு வேண்டிய கடல் ஜலம் பிரைட்டன் கடற்கரையிலிருந்து ரயிலில் வந்தது! லாயிட் கண்ட ரகசியம் எளியது. ஜனங்கள் பார்க்கிற தொட்டிக்குக் கீழே, யாரும் பார்க்காத இருட்டில், அதைப்போலப் பல மடங்கு பெரிய ஜலத் தேக்கம் ஒன்றைக் கட்டினார். பம்ப் மூலம் ஜலம் மேலே போய், தொட்டிகளில் ஓடி, மறுபடி இருட்டுக்குத் திரும்பும். பச்சையாகக் கலங்கிய ஜலம் இருட்டில் தெளிந்தது. ஜலத்தை மாற்றாமலே வருஷக் கணக்கில் ஓட்டலாம் என்று காட்டினார். இன்று கடைகளில் தொட்டிக்கு அடியில் ‘சம்ப்’ என்று இன்னொரு தொட்டி வைத்து விற்கிறார்களே, அது லாயிடின் பேரப்பிள்ளை.

நம் நாட்டுக்கும் இந்த அலை வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் திட்டம் போட, 1909-ல் மெரினாவில் கடல் மீன் காட்சிசாலை திறந்தது. இந்தியாவில் இப்படிப்பட்டவற்றில் அதுவே முதல் என்பார்கள். 1919-ல் அது மீன்வளத் துறையின் கைக்கு மாறிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது மூடியவர்கள் பிறகு திறக்கவேயில்லை. மெரினாவில் நின்றால் சமுத்திரமே வாசற்படியில் இருக்கிறது. என் கவலையோ சமுத்திரமில்லாத வீடு.

லாயிட் காலம் வரை ஒருவருக்கும் தெரியாத ஒன்று மிச்சமிருந்தது. ஜலத்தை உண்மையில் சுத்தம் செய்வது யார்? இதற்கு விடை தேடிப் போனவர்களில் ஒருவர், முன்னே சொன்னேனே, அந்த வாரிங்டனின் மகன். அவருக்கும் ராபர்ட் என்றே பெயர். தகப்பனார் தொட்டியில் மீன் வளர்த்தார். மகன் ராதம்ஸ்டட் பண்ணையில் மண்ணை ஆராய்ந்தார். 1877-ல் ஷ்லோசிங், மூன்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே சாக்கடை ஜலத்தை மெதுவாக விட்டார்கள். முதல் சில வாரம் ஒரு மாறுதலும் இல்லை. பிறகு திடீரென்று ஜலத்திலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வரத்தொடங்கியது. மணலில் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுவிட்டது. மயக்க மருந்துக்கு மயங்குகிறதென்றால் அது உயிருள்ள ஒன்றின் வேலைதானே? மகன் வாரிங்டன் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று கண்டார். அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஓர் உயிர். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறோர் உயிர். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்த பெருமை 1890-ஐ ஒட்டி ருஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கிக்குக் கிடைத்தது.

தகப்பனாரின் தொட்டியில் ஓசையில்லாமல் நடந்த ரகசியத்தை மகன் வயல் மண்ணில் கண்டுபிடித்தார். நாவலில் எழுதினால், “ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே, நம்ப முடியவில்லை” என்று பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

கதை அதோடும் முடியவில்லை. கடலில் இந்த வேலையைப் பெரிதும் செய்வது யார் என்ற கேள்விக்கு 2005-ல் ஒரு புதிய விடை வந்தது. ஆர்க்கியா என்ற ஆதிகாலத்து நுண்ணுயிர் வகுப்பைச் சேர்ந்த ஒன்று அம்மோனியாவைத் தின்று வாழ்கிறது என்று கண்டார்கள். கண்ட இடம் ஆழ்கடல் என்று நினைப்பீர்கள். இல்லை, அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மீன்காட்சிசாலையில் ஒரு கடல் தொட்டியின் அடியிலிருந்த சரளைக்கல்!

இப்போது என் மருமகனின் மீன்கள் ஏன் செத்தன என்பது புரிகிறதல்லவா? மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியா வருகிறது. தின்னாத தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. அது விஷம், ஆனால் நிறமில்லாத விஷம். ஒன்பதாயிரம் ரூபாய் யந்திரம் தூசியை வடிகட்டி ஜலத்தைப் பளபளப்பாக்கியது. விஷத்தைத் தின்ன வேண்டிய உயிர்கள் அதற்குள் இன்னும் குடிவரவே இல்லை. நாங்கள் மாளிகை கட்டினோம், குடித்தனக்காரர்கள் வருவதற்கு முன்பே விருந்தாளிகளை அழைத்துவிட்டோம். யந்திரத்தின் மேலும் குற்றமில்லை. காலி வீட்டை விற்றவர்கள் அது காலி வீடு என்று சொல்லவில்லை. வாங்கிய நான் கேட்கவுமில்லை.

விலை குறைந்த வழி எது என்று தேடியபோது நமக்குப் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் அகப்பட்டார். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். 1961-ல் ஓர் அமெரிக்க மீன் பத்திரிகையில் தம்முடைய முறையை எழுதினார். மேல்நாட்டுக்காரர்கள் அப்போது சரளைக்கல்லுக்கு அடியில் தட்டு வைத்து ஜலத்தை இழுக்கும் வடிகட்டிகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். லீ சின் எங்கின் தொட்டியில் வடிகட்டியே கிடையாது. கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் அப்பியிருக்கும் கல், மணல், சூரிய வெளிச்சம், குமிழி விடும் ஒரு சிறு காற்றுக் குழாய். அவ்வளவுதான். கல்லே வடிகட்டியாக இருந்தது. ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. இருபது முப்பது வருஷம் கழித்து, உலகமெங்கும் பவளத் தொட்டி வைப்பவர்கள் அந்த உயிர்க்கல்லுக்கே திரும்பினார்கள்.

“அப்ப ராமேஸ்வரம் போய் ஒரு கல்லு எடுத்துட்டு வந்துடலாமா, மாமா?” என்றான் பையன்.

“கூடாது, மாப்பிள்ளை” என்றேன். எட்மண்ட் காஸின் வருத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டித் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. அதன் இருபத்தொரு தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாயின. 2001-லிருந்து பவளங்கள் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள காப்பு பவளத்துக்கும் உண்டு. ஒரு பையனின் ஆசை நியாயமானது. அதற்காகக் கடல் தன் எலும்பைக் கொடுக்க வேண்டியதில்லை.

நல்ல வேளையாக, குடியிருப்பவை வீட்டின் ஜாதியைப் பார்ப்பதில்லை. சொரசொரப்பான எந்த இடத்திலும் அந்த நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்கின்றன. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் கட்டிய மணல் வடிகட்டிகள் ஒரு நகரத்துக்கே குடிநீர் கொடுத்தன. அங்கேயும் மணலின் மேல் படர்ந்த உயிர்ப்படலம்தான் பெரும்பகுதி வேலையைச் செய்தது. வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்று ஜலம் எடுத்துக் குடித்தவர்கள் நம் பாட்டிமார். தத்துவம் நமக்குப் புதிதல்ல.

ஆகவே மாமனும் மருமகனும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். காற்று பம்ப் ஒன்று. அதில் மாட்டும் ஸ்பாஞ்ச் வடிகட்டி இரண்டு; குமிழி மேலே ஏறும்போது ஜலம் ஸ்பாஞ்சின் வழியாக இழுபடும், அவ்வளவுதான் அதன் பொறியியல். வடமதுரையில் மின்சாரம் போகும் நேரத்துக்காக, பேட்டரியில் ஓடும் சிறு பம்ப் ஒன்று. தொட்டிக்கு அடியில் இரண்டு விரல்கடை உயரம் சுண்ணாம்புச் சத்துள்ள மணலும் நொறுக்கிய கிளிஞ்சலும்; இவை ஜலம் புளித்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும். கல்லுக்குப் பதில், மீன் ஒளிய, மெருகு பூசாத மண்சட்டித் துண்டுகள். உப்பு கரைக்கச் சுத்திகரித்த கேன் தண்ணீர். ஆழ்குழாய் ஜலத்தில் என்னென்ன கரைந்திருக்கிறதோ! யந்திர சாமான்கள் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் அடங்கிற்று. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளக்கிற சோதனைப் பெட்டிக்கு மட்டும் தனியாகச் செலவு செய்தேன். கண்ணால் காணாத விஷத்தைக் காட்டுகிற கண்ணாடி அது. அதில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

கழிவை நுரையாக்கித் தள்ளும் ‘ஸ்கிம்மர்’ என்ற சாதனத்தைக் கடையில் வற்புறுத்தினார்கள். சென்ற நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் வளர்ந்த நல்ல சாதனம்தான். கடலோரத்தில் அலை நுரை தள்ளுகிறதே, அதே தத்துவம். ஆனால் நூறு லிட்டரில் இரண்டே சிறு மீன், வாரம் பத்து லிட்டர் ஜலம் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் அது இல்லாமலும் நடக்கும். ஏழைத் தொட்டிக்கு ஒரே நிபந்தனை, கூட்டம் சேர்க்கக் கூடாது. பவளமும் கடல் சாமந்தியும் வைக்கவேண்டுமென்றால் கணக்கு வேறு. அதையும் அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

சித்திரை வெயிலுக்கு ஒரு மேஜை விசிறியை ஜலத்தின் மேல் திருப்பி வைத்தோம். ஆவியாகிப் போகிற அளவுக்கு உப்பில்லாத ஜலத்தையே விட வேண்டும், உப்பு ஆவியாவதில்லையே! மீனைப் பற்றியும் ஒரு முடிவு செய்தோம். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். அவ்வாறு பண்ணையில் பிறந்த குஞ்சாக இருந்தால்தான் வாங்குவது, பிடித்துவந்த மீன் வேண்டாம் என்று பையனே சொன்னான்.

பிறகு கடினமான பகுதி ஆரம்பமாயிற்று. ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்! மீனே இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிட்டு, குடித்தனக்காரர்கள் வருகிறார்களா என்று காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். “மீனில்லாத தொட்டிக்கு மூணு வேளையும் காவல் இருக்கான், அண்ணே. படிப்பு என்ன ஆகப்போகுதோ!” என்று தங்கை டெலிபோனில் அங்கலாய்த்தாள். பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தான். இரண்டாவது வாரம் அம்மோனியா ஏறிற்று. மூன்றாவது வாரம் இறங்கிற்று, நைட்ரைட் ஏறிற்று. பெரிய வாரிங்டனின் தொட்டியில் நடந்ததையும் சின்ன வாரிங்டன் கண்டுபிடித்ததையும் வடமதுரைப் பையன் ஒருவன் நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தான்.

ஏழாவது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் டெலிபோன் வந்தது.

“மாமா! ரெண்டும் பூஜ்யம்!”

பரீட்சையில் பூஜ்யம் வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட பையனை நான் பார்த்ததில்லை. “அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மீன் வாங்கப் போகலாம்” என்றேன். பணம் கொடுக்கிற மாமனுக்கு அவசரம் இன்னும் போகவில்லை.

அவன் சிறிது யோசித்தான். தொட்டியின் குமிழிச் சத்தம் டெலிபோனில் எனக்குக் கேட்டது.

“இன்னும் ஒரு வாரம் பார்த்துடலாம், மாமா” என்றான்.